பூசாத கட்டடம்

அடையாறு ஆட்டோக்காரர்களிடம் ஞானாம்பிகை மகளிர் விடுதி என்று சொன்னால் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘பூசாத பில்டிங்’ என்றால் மறுபேச்சு இல்லாமல் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். கட்டி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதற்கு மேல்பூச்சும் கிடையாது, வர்ணமும் கிடையாது. பலகை அடித்து வார்த்த கான்கிரீட், பலகையைப் பிரித்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே நின்றது. பாதியில் பணம் தீர்ந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் ஒரு கதை உண்டு. கொத்தனாருக்கும் விடுதியை நடத்தும் டிரஸ்டுக்கும் சண்டை என்று இன்னொரு கதை. உண்மையில், பம்பாயிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் ஒருவர் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று கட்டிக் கொடுத்துவிட்டு, யாரும் வாய்விட்டுத் திட்டுவதற்கு முன்னால் பரலோகம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஐப்பசி மழை ஓய்ந்தால் அது இன்னும் கோரமாகிவிடும். மொட்டை மாடியிலிருந்து கறுப்புக் கறையாக வழிந்து இறங்கும். சுவரில் ஆணி இறங்காது. முருகன் படம் மாட்ட ஆசைப்பட்ட பெண்கள் கட்டை விரலை நசுக்கிக்கொண்டதுதான் மிச்சம். படத்தைக் கடைசியில் அலமாரி மேல் சாய்த்து வைப்பார்கள். சித்திரை வைகாசியில் சுவர் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரியெல்லாம் கக்கும். பால்கனிகளுக்கு முன்னால் நெடுக, சாய்வாக நிறுத்திய கான்கிரீட் பலகைகள். தெருவில் போகிறவர்களுக்கு ஜெயில் ஞாபகம்தான் வரும்.

வார்டன் அபயாம்பாளுக்கும் அந்தக் கட்டடத்தைப் பிடிக்காது. மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் வெள்ளைச் சுவரும் பச்சைக் கதவுமாக இருந்த வீட்டில் பிறந்தவள் அவள். ஜாதகம், வரதட்சணை, அப்பாவின் சாவு என்று ஏதோ ஒன்றில் கல்யாணம் தட்டிப் போய்க்கொண்டே இருந்து, அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்காமலே போய்விட்டார்கள். அண்ணா பரத்வாஜ் அந்த வீட்டை விற்று நங்கநல்லூரில் ஒரு ஃப்ளாட் வாங்கினார். அங்கே அவளுக்கு என்று இருந்தது ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு பாய் போடும் இடம். அதனால்தான் இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த விடுதி வேலைக்கு வந்து சேர்ந்தாள். மாடிப்படிக்குப் பக்கத்து அறையும் அதன் குட்டி பால்கனியும் அவளுடையவை. இந்தக் கட்டடம் போனால் அவள் திரும்ப அந்தப் பாய்க்குத்தான் போக வேண்டும்.

சந்தேகம் அவளுக்கு உத்தியோகத்தோடு வந்தது. மாமா என்று சொல்லிக்கொண்டு யாராவது ஒரு பெண்ணைப் பார்க்க வந்தால், மூக்கையும் காதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வரவேற்பறைக்குள் விடுவாள். பெண்கள் முதுகுக்குப் பின்னால் அவளை சி.ஐ.டி. என்பார்கள். அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தொண்ணூற்றேழாம் வருஷம் அது. அடையாறில் தனி வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்து அடுக்கு மாடிகளாக எழுந்துகொண்டிருந்தன. டிரஸ்ட் இந்த இடத்தையும் ஒரு பில்டரிடம் கொடுக்கப் போகிறது என்று காற்று வாக்கில் ஒரு செய்தி வந்தது. அபயாம்பாள் நேராக டிரஸ்ட் செயலாளர் வெங்கடரமணனிடமே கேட்டுவிட்டாள். அவர் மயிலாப்பூர் ஆடிட்டர். நெற்றியில் எப்போதும் சந்தனம், பேச்சில் எப்போதும் சர்க்கரை.

“யார் மாமி உங்களுக்கு இப்படியெல்லாம் சொல்றா? டிரஸ்டிகள்ல ரெண்டு மூணு பேர் துடிக்கறா, வாஸ்தவம்தான். நான் ஒருத்தன் குறுக்கே நிக்கறேனோல்லியோ? உங்களைக் கேக்காம அங்கேர்ந்து ஒரு செங்கல்லை எடுப்போமா?”

அந்தக் கட்டடத்தில் செங்கல்லே கிடையாது என்பது அபயாம்பாளுக்கு அப்போது உறைக்கவில்லை. ஊரையே சந்தேகப்படுகிறவள் வெங்கடரமணனை மட்டும் சந்தேகப்பட மாட்டாள். அவர் அம்மாவும் இவள் அம்மாவும் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் கபாலீசுவரர் கோவிலில் சேர்ந்து பிரகாரம் சுற்றியவர்கள். மாட வீதிப் பிள்ளை பொய் சொல்லாது என்பது அவளுக்குள் யாரும் கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருந்த ஒரு நம்பிக்கை.

கார்த்திகை மாசம் ஒரு காலையில், காதி குர்த்தாவும் தோளில் கேமராவுமாக ஒரு பெண் கைனடிக் ஹோண்டாவில் வந்து இறங்கி, கேட்கப் போகிறவர்கள் யாரும் இல்லை என்பதுபோல் கட்டடத்தைப் படம் எடுக்க ஆரம்பித்தாள். முப்பது வயது இருக்கும். அபயாம்பாள் விடுவிடுவென்று இறங்கிப் போனாள்.

“யாரும்மா நீ? யாரைக் கேட்டுண்டு படம் எடுக்கறே?”

“சாரி மேடம். என் பேர் மதுவந்தி. ஆர்க்கிடெக்சர் காலேஜ்ல லெக்சரர். டி. நகர்ல இருக்கேன். உங்க கட்டடத்தைப் பார்க்கலாம்னு வந்தேன்.”

“பார்க்கறதுக்கு இதுல என்ன இருக்கு?”

“எல்லாமே இருக்கு மேடம். எவ்வளவு அழகான கட்டடம்!”

அந்த வார்த்தைதான் அபயாம்பாளை உஷார்ப்படுத்தியது. இருபத்தெட்டு வருஷத்தில் இந்தக் கட்டடத்தைப் பார்த்து அழகு என்ற ஜீவன் கிடையாது. தபால்காரரிலிருந்து மந்திரி சம்சாரம் வரைக்கும் முகத்தைச் சுளித்தவர்கள்தான். இவள் அழகு என்கிறாள் என்றால் ஒன்று பைத்தியம், இல்லை ஏதோ காரியமாக வந்திருக்கிறாள். பைத்தியமாகத் தெரியவில்லை.

அதோடு அவள் எதைப் படம் எடுக்கிறாள் என்பதையும் அபயாம்பாள் கவனித்தாள். கறை வழிந்த இடம், விரிசல் விட்ட மூலை, கம்பி துருப்பிடித்து வெளியே எட்டிப் பார்க்கும் தூண். நல்லெண்ணத்தோடு வந்தவள் வாசல் தோட்டத்துச் செம்பருத்தியை எடுக்க மாட்டாளா? மொட்டை மாடிச் சாவி வேண்டும் என்று கேட்டபோது, “அது செக்ரட்டரிகிட்டன்னா இருக்கு” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது.

மதுவந்தி மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். நீளமான டேப்பை வைத்து நடைபாதையை அளந்தாள். அபயாம்பாள் வாட்ச்மேன் நாகராஜைக் கூப்பிட்டு, அந்தப் பெண் வெளியே போனால் யாரோடு பேசுகிறாள் என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். நாகராஜ் சைதாப்பேட்டைக்காரன். ஆற்றோரத்தில் வீடு இருந்தது. அந்த வருஷம்தான் அதை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே எங்கோ இடம் காட்டியிருந்தார்கள். தினமும் ரெண்டு பஸ் மாறி வேலைக்கு வந்தான்.

“டீக்கடையாண்ட ஒரு ஆள் வந்தாரும்மா,” என்றான் நாகராஜ். “அந்தப் பொண்ணு பையிலேர்ந்து ஒரு பேப்பர் சுருளை எடுத்துக் குட்துச்சு. ரெண்டு பேரும் நம்ம பில்டிங்கைக் கையைக் காட்டிக் காட்டி பேசிக்கினு இருந்தாங்க.”

“எப்படி இருந்தான் அந்த ஆள்?”

“தாடி வச்சிக்கினு, ஜிப்பா போட்டுக்கினு. பில்டர் மாரி இல்லம்மா. வாத்தியார் மாரி கீறாரு.”

“பில்டர் என்ன நெத்தியில எழுதி ஒட்டிண்டா வருவான்?”

“அதுவும் சரிதான். ஒண்ணு சொல்றேம்மா. எங்க ஏரியாவ எடுக்கறதுக்கு முன்னாடியும் இப்டித்தான் டேப்பு வச்சி அளந்தாங்க. அயகா சிரிச்சிக்கினே அளந்தாங்க. அளந்தாலே இடிக்கப் போறாங்கன்னு அர்த்தம்.”

நாகராஜ் அனுபவித்தவன். அன்றைக்கு மதுவந்தி வந்து டேப்பை விரித்ததும் அபயாம்பாள் அதன் மறுமுனையில் போய்க் காலை வைத்து மிதித்துக்கொண்டு நின்றாள்.

“உண்மையைச் சொல்லு. உன்னை அனுப்பின பில்டர் யாரு?”

மதுவந்தி முதலில் சிரித்தாள். அபயாம்பாளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

“மேடம், நான் பில்டருக்கு எதிரா வந்திருக்கேன். இந்த இடத்தை இடிச்சு ஃப்ளாட் கட்ட டிரஸ்ட் அனுமதி கேட்டிருக்கு. உங்களுக்குத் தெரியாதா?”

“பொய். எங்க செக்ரட்டரி அப்படியெல்லாம் பண்ண மாட்டார்.”

“யார் பண்ணினாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா கேட்டிருக்காங்க. பாதுகாக்க வேண்டிய கட்டடங்கள் எதெதுன்னு பார்க்க கவர்மென்ட் ஒரு நிபுணர் குழு போட்டிருக்கு. அவங்களுக்கு நான் இதைப் பத்தி எழுதிப் போட்டேன். மார்கழியில நேர்ல பார்க்க வராங்க. அவங்க பட்டியல்ல சேர்த்துட்டா டிரஸ்டால இதைத் தொட முடியாது. விடுதி விடுதியாவே இருக்கும்.”

“அந்தத் தாடிக்காரன்?”

“எந்தத் தாடி? ஓ... அது என் வீட்டுக்காரர் மேடம். பிளானை ஜெராக்ஸ் எடுக்க அனுப்பினேன்.”

அபயாம்பாள் டேப்பிலிருந்து காலை எடுத்தாள். ஆனால் முழுசாக நம்பிவிடவில்லை. அன்று சாயங்காலமே வெங்கடரமணனுக்கு ஃபோன் போட்டாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அந்த டிரஸ்டிகள் தன்னை மீறிப் பண்ணின வேலை அது என்றும், அந்தப் பெண்ணின் குழு எப்படியாவது நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் தன் கையும் பலப்படும் என்றும் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிபன் நேரத்தில் மதுவந்தி சாப்பாட்டுக் கூடத்துக்கே வந்து பெண்களிடம் பேசினாள். கட்டடத்துக்கு ஆதரவாக அங்கே ஒரு இட்லி கூட அசையவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் பொன்மணிதான் முதலில் வாயைத் திறந்தாள். ஒன்பது வருஷமாக மூன்றாவது மாடியில் இருப்பவள்.

“ஒரு மே மாசம் வந்து என் ரூம்ல படுத்துப் பாருங்க மேடம். அப்புறம் அழகுன்னு சொல்லுங்க.”

“நீங்க சொல்றது நிஜம்தான். மொட்டை மாடியில மண்ணைப் பரப்பிப் புல்லு வளர்க்கச் சொல்லியிருக்கார், கட்டினவர். யாரும் செய்யலை. செஞ்சிருந்தா இவ்வளவு சூடு இறங்கியிருக்காது.”

“செய்யலைல்ல? இருக்கறவங்க ஒருத்தருக்கும் பிடிக்கலை. அப்ப யாருக்காகக் காப்பாத்தறீங்க?”

மதுவந்தி அவள் பக்கம் திரும்பினாள். “நூறு வருஷக் கட்டடம்னா எல்லாரும் கன்னத்துல போட்டுக்கறாங்க. முப்பது வருஷக் கட்டடத்துக்குத்தான் நாதி இல்லை. புதுசும் இல்ல, பழசும் இல்ல. அதுவும் நூறு வருஷம் ஆகணும்னா நடுவுல யாராவது அதை விட்டு வைக்கணும் இல்லையா? பிடிக்கலைன்னு இன்னிக்கு இடிச்சுட்டா, பிடிக்கிறவங்க வர்ற அன்னிக்குக் காட்ட ஒண்ணும் இருக்காது.”

“புதுசும் இல்ல, பழசும் இல்ல, நாதியும் இல்ல. என்னைப் பத்திப் பேசற மாதிரியே இருக்கு,” என்றாள் பொன்மணி. கூடமே சிரித்தது. ஆனால் யாரும் மனசை மாற்றிக்கொள்ளவில்லை. அபயாம்பாளும்தான். அவளுக்குக் கட்டடம் அழகாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, நின்றால் போதும்.

அது அன்று மத்தியானம் வரைக்கும். மத்தியானம் மதுவந்தியை அவள் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு டபராவில் காபி கொடுத்தாள். மதுவந்தி காபியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், அந்தச் சாய்வுப் பலகைகளுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“இங்க வந்து உக்காருங்க மேடம். தெரு தெரியுதா?”

“தெரியறது. அதுக்கென்ன?”

“தெருவுல போறவனுக்கு உங்களைத் தெரியுமா?”

அபயாம்பாள் பலகைகளின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். தெரியாது. அது அவளுக்கு இருபத்தெட்டு வருஷமாகத் தெரியும். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு இங்கேதான் உட்காருவாள். அழுகை வந்தால் இங்கேதான் அழுவாள். தெருவில் சண்டை நடந்தால் இங்கிருந்துதான் ஒன்று விடாமல் பார்ப்பாள். ஒரு ஆண்பிள்ளையின் கண் உள்ளே நுழைந்ததில்லை.

“அதுக்குத்தான் இந்தச் சாய்வு,” என்றாள் மதுவந்தி. “தனியா இருக்கற பொம்பளை வெளிய பார்க்கணும், வெளிய இருக்கறவன் அவளைப் பார்க்கக் கூடாது. வெயிலும் உள்ள விழாது, கடல் காத்து மட்டும் வரும். ஒவ்வொரு ரூமுக்கும் சூரியனைப் பார்த்து, தெருவைப் பார்த்து, தனித்தனியா கணக்குப் போட்டிருக்கார். யாரோ எங்கியோ பொறந்த பொண்ணுங்களுக்காக.”

மதுவந்தி போன பிறகு அபயாம்பாள் வெகு நேரம் அங்கேயே இருந்தாள். அந்த பம்பாய்க்காரரை அவள் பார்த்தது கூட இல்லை. பெற்ற அப்பாவும் கூடப் பிறந்த அண்ணாவும் அவளுக்காக ஒரு மூலையை யோசித்ததில்லை. முன்பின் தெரியாத ஒருவர் யோசித்திருக்கிறார். சுவரில் கையை வைத்துத் தடவினாள். வார்க்கும்போது அடித்த மரப் பலகையின் ரேகை கான்கிரீட்டில் அப்படியே படிந்திருந்தது. கணு விழுந்த இடம் கூட விரலுக்குத் தெரிந்தது. அவளுக்கு அந்தக் கட்டடத்தின் மேல் சட்டென்று பாசம் பொங்கிவிட்டது. அந்த வயசில் அப்படிப் பொங்கியது வெட்கமாகவும் இருந்தது. இதை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அன்றுதான் அவள் உண்மையிலேயே தீர்மானித்தாள்.

வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

குழு வருவதற்கு முந்தின வாரம் மதுவந்தி பம்பாய்க்குக் கிளம்பினாள். கட்டடக் கலைஞரின் குடும்பத்திடம் பழைய வரைபடங்கள் இருக்கின்றனவாம். அவற்றை வாங்கிக்கொண்டு, குழு வருகிற அன்று ஸ்டேஷனிலிருந்து நேராக வந்துவிடுவதாகச் சொன்னாள். வண்டியைக் கிளப்பும்போது திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள்.

“மேடம், அவங்க வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க. கழுவக் கூட வேணாம். கறை, பாசி எல்லாம் இருந்தா இருக்கட்டும். இப்ப இருக்கற மாதிரியே இருக்கணும்.”

ஏன் என்று சொல்லவில்லை. காலேஜில் பாடம் எடுப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு; தங்களுக்குத் தெரிந்தது எதிரில் இருப்பவருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அபயாம்பாள் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். பத்து அடி நடப்பதற்குள் அவளுடைய பழைய புத்தி விழித்துக்கொண்டது. பெரிய மனுஷர்கள் பார்க்க வருகிறார்கள், வாசலைக் கழுவாதே என்கிறாளே? இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்! கலெக்டர் வந்தால் காம்பவுண்டுக்கு வெள்ளை, மந்திரி வந்தால் செம்மண் இழைத்துக் கோலம். யாராவது வருகிறார்கள் என்றால் இருக்கிற அழுக்கை எடுத்துவிட்டு நிறுத்துவதுதானே முறை? பெண் பார்க்க வருகிற அன்று பெண்ணை எண்ணெய் வழியும் முகத்தோடு அப்படியே நிறுத்து என்று எவள் சொல்வாள்? இந்த இடம் தட்டிப் போக வேண்டும் என்று நினைக்கிறவள்தான் சொல்வாள். அபயாம்பாளுக்கு அப்படிச் சொன்ன ஒரு சித்தி இருந்தாள்.

கறையை மட்டும் தேடித் தேடி எடுத்த படங்கள் ஞாபகம் வந்தன. அளந்தாலே இடிக்கப் போகிறார்கள் என்று நாகராஜ் சொன்னது ஞாபகம் வந்தது. குழுவைக் கூட்டி வந்து இந்த அலங்கோலத்தைக் காட்டி, இது தேறாது, இடிக்கலாம் என்று எழுதி வாங்குவதற்கே இவ்வளவு நாடகமோ? பால்கனியில் உட்கார்ந்து பேசியதெல்லாம் தன் வாயை அடைப்பதற்குத்தானோ? பம்பாய்ப் பயணம் கூட நிஜமோ என்னவோ. அழுகையாக வந்தது. அவள் மேல் வைத்த பிரியம்தான் அதிகமாகச் சுட்டது.

அவள் வெங்கடரமணனுக்கு ஃபோன் போட்டு, குழு வருவதற்குள் கட்டடம் பூராவுக்கும் வெள்ளையடித்துவிட வேண்டும் என்றாள். சம்மதிக்க வைக்கச் சண்டை போட வேண்டியிருக்கும் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் பேசினாள்.

“பேஷ் மாமி!” என்றார் வெங்கடரமணன். “வெள்ளை எதுக்கு? சிமெண்ட் பெயிண்டே அடிச்சுடலாம். நம்ம மெஹபூப் பாஷாவை நாளைக்குக் காத்தாலயே அனுப்பறேன். கலர் நீங்களே சொல்லிடுங்கோ.”

குழாய் ஒழுகுகிறது என்று சொல்லி ஒரு வாஷர் வாங்க மூன்று மாசம் நடக்கவிட்ட மனுஷர் அவர். ஆயுசு பூரா சந்தேகப்பட்டவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டிய நிமிஷம் அது ஒன்றுதான். அபயாம்பாளோ, மாட வீதிப் பிள்ளை மாட வீதிப் பிள்ளைதான் என்று மனசு நிறைந்து ஃபோனை வைத்தாள்.

மெஹபூப் பாஷா ராயப்பேட்டை பெயிண்டர். சாரம் கட்ட ஆட்களோடு வந்தவர், சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தார்.

“செவுரு பூரா மரத்து ரேகை கீதும்மா. இது மேல அடிச்சா பெயிண்ட் நிக்காது. மொதல்ல சிமெண்ட் பாலு ரெண்டு கை குட்து, அந்த ரேகையெல்லாம் அடச்சுடணும். அடச்சா அப்புறம் ஜம்முனு வரும்.”

அபயாம்பாளின் விரல் நுனியில் அந்தக் கணு ஒரு கணம் உறுத்தியது. உள்ளே இருப்பது எங்கே போய்விடப் போகிறது, மேலே ஒரு துணி போர்த்துவது மாதிரிதானே என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

“அடைச்சுடுங்கோ,” என்றாள்.

சந்தன நிறம் அவள்தான் தேர்ந்தெடுத்தாள். அடியில் ஒரு முழத்துக்குக் காவிப் பட்டை. சாரம் பிரித்த அன்று விடுதிப் பெண்கள் எல்லோரும் வாசலில் இறங்கி நின்று பார்த்தார்கள். பொன்மணி கையைத் தட்டினாள். “இப்பதான் மேடம் இது பில்டிங் மாதிரி இருக்கு!” அந்த வார்த்தையில் அபயாம்பாள் ஒரு சுற்றுப் பருத்துப் போனாள்.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. இன்னொருவர் கைத்தடி ஊன்றிய கட்டடக் கலைப் பேராசிரியர். மூன்றாவது ஆள் எழுதிக்கொள்வதற்கு. காரிலிருந்து இறங்கினதும் தலைவர் வாசல் கோலத்தை மிதிக்காமல் சுற்றி வந்தார். வெங்கடரமணன் குடையோடு ஓடினார், மழையே இல்லை.

மதுவந்தி ஆட்டோவில் வந்து இறங்கினாள். பம்பாய் ரயில் அழுக்கு முகத்தில் இருந்தது, நெஞ்சோடு அணைத்த ஒரு நீளக் குழாயில் வரைபடங்கள். பயணம் நிஜம்தான். அபயாம்பாளுக்கு முதல் அடி அங்கே விழுந்தது. மதுவந்தி ஆட்டோக்காரரிடம், “இங்க இல்லப்பா” என்று சொல்ல ஆரம்பித்து, கேட்டில் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்தாள். அப்புறம் சுவரைப் பார்த்தாள். குழாயைக் கீழே வைக்கக் கூட அவளுக்குத் தோன்றவில்லை.

பேராசிரியர் ஃபைலில் இருந்த புகைப்படங்களை எடுத்தார். ஒரு படத்தைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார்.

“மதுவந்தி, நீ அனுப்பின படத்துல இருக்கற கட்டடம் எங்கேம்மா?”

பேராசிரியர் சுவருக்கு அருகே போய் நகத்தால் சுரண்டினார். சந்தன நிறத்துக்கு அடியில் சாம்பல் பூச்சு, அதற்கு அடியில் இன்னொரு பூச்சு.

“பலகை ரேகையை அடைச்சுட்டாங்க,” என்று தலைவரிடம் சொன்னார். “உள்ளே எல்லாம் தடுப்புப் போட்டு, கதவு மாத்தி, எப்பவோ போயிடுச்சு சார். ஆரம்பத்துல இருந்து கை படாம இருந்தது இந்த மேற்பரப்பு ஒண்ணுதான். ஊர்ல இப்படி ஒண்ணு மிஞ்சியிருக்குன்னு நம்பித்தான் வந்தேன்.”

“சுரண்டி எடுத்துட முடியாதா சார்?” என்று மதுவந்தி கேட்டாள்.

“எடுக்கலாம். அதோட சேர்ந்து ரேகையும் வந்துடும்.”

தலைவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஏற்கெனவே அவருக்குத் தூணும் வளைவும் இருந்தால்தான் பழைய கட்டடம். அவர் அபயாம்பாளைப் பார்த்துப் புன்னகைத்தார். “ரொம்ப நீட்டா வெச்சிருக்கீங்கம்மா. ஆனா இதுல காப்பாத்தறதுக்குன்னு தனியா என்ன இருக்கு? எல்லாக் கட்டடம் மாதிரியும்தானே இருக்கு.”

“எல்லாம் எங்க வார்டன் மாமி யோசனைதான் சார்,” என்றார் வெங்கடரமணன். “கலர் கூட அவாதான் செலக்ட் பண்ணினா.”

எழுதிக்கொள்ள வந்தவர் அதையும் எழுதிக்கொண்டார். அரை மணி நேரத்தில் கார் போய்விட்டது.

மதுவந்தி வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். அபயாம்பாள் பக்கத்தில் போய் நின்றாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. மதுவந்தி திட்டவில்லை. நிமிர்ந்து, ரொம்ப மெதுவாக, ஏதோ தெரிந்துகொள்ளக் கேட்பவள் மாதிரி கேட்டாள்.

“புதுக் கட்டடத்துல உங்களுக்கு ஒரு ஃப்ளாட் தரேன்னு சொன்னாரா மேடம்?”

“ஐயோ, இல்லடீம்மா! நான்... நீ தொடாதேன்னு சொன்னியா, நீதான் அவாளோட ஆளோன்னு நினைச்சுண்டு...”

“நானா?”

“அழுக்கா இருந்தா இடிக்கச் சொல்லிடுவான்னு பயந்துட்டேன். நன்னா இருக்கட்டுமேன்னுதான் அடிச்சேன். கபாலி மேல சத்தியமா.”

மதுவந்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். சொல்வதை ஒவ்வொன்றாக எடை போட்டு, ஒன்றையும் எடுத்துக்கொள்ளாத பார்வை அது. அபயாம்பாள் இன்னும் என்னென்னவோ சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் காதுக்கே எல்லாம் ஜோடித்த மாதிரி கேட்டது. இதே கதையை வேறொருத்தி வந்து அவளிடம் சொல்லியிருந்தால் அபயாம்பாள் ஒரு வார்த்தை நம்பியிருக்க மாட்டாள்.

“பரவாயில்லை மேடம்,” என்றாள் மதுவந்தி. “உங்களுக்கும் இருக்க ஒரு இடம் வேணும்ல.” குழாயை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள்.

அபயாம்பாள் அப்படியே படியில் சரிந்து உட்கார்ந்தாள். வெங்கடரமணன் தன் கார்க் கதவைத் திறந்தவர், அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். குரலில் அதே சர்க்கரை.

“உங்க அண்ணா நங்கநல்லூர்லதானே இருக்கார் மாமி? சாமான் ஏத்த வண்டி வேணும்னா சொல்லுங்கோ. பாஷாகிட்டயே ஒரு டெம்போ இருக்கு.”

அவள் அவர் முகத்தை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தாள். கேட்க நூறு கேள்வி இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

“எப்போ?”

“அவசரம் ஒண்ணுமில்லை,” என்றார் வெங்கடரமணன். “பொங்கலை இங்கேயே பண்ணிட்டுப் போகலாம்.”